தள்ளிவிட்டவர் சொல்லக் கூடாத வார்த்தை

அன்புள்ள சேச்சி,

இதை எழுதும் விரல்கள் இன்னும் பிசுபிசுக்கின்றன. காலையில் பலாப்பழம் அறுத்தேன். கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்தேன், ஆனாலும் பால் நகக்கண்ணில் ஏறிவிட்டது. வீடு முழுக்க அந்த வாசனை. நாகலூர் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போயிருக்கும் போல. டீக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க்கா, பழத்த அறுத்துட்டீங்களாட்ட இருக்குது" என்று சொல்லித் தன் பங்கை வாங்கிக்கொண்டுதான் போனார். பரிசு வாங்கிய பழம் அல்லவா, சும்மா விடுவார்களா?

ஆமாம் சேச்சி, பரிசு. ஐம்பது வயதில் முதல் முறையாக என் பேரை மைக்கில் சொன்னார்கள். அதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராகச் சொன்னால் நாலு வரியில் முடிந்துவிடும். நீங்கள் இருந்தால் நாலு வரியோடு விடமாட்டீர்கள். "ஆத்யம் முதல் பற" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால் முதலில் இருந்தே வருகிறேன்.

ஏற்காட்டில் அந்தப் பள்ளி விடுதியின் துணி அறை. ஜன்னலோரத் தையல் மிஷினில் நீங்கள், இஸ்திரி மேசையில் நான். பதினேழு வருடம். பனி மாதங்களில் பிள்ளைகளின் ஸ்வெட்டர் மூன்று நாள் ஆனாலும் காயாது, அறைக்குள் கயிறு கட்டி அதன் கீழேயே நாம் குனிந்து குனிந்து நடப்போம். பள்ளி திறக்கும் மாதம் வந்தால் பேர் தைக்கிற வேலை. சட்டை, பாவாடை, காலுறை, கைக்குட்டை வரைக்கும் ஒரு விரல் அகல நாடா, அதில் சிவப்பு நூலில் பிள்ளையின் பேர். முகம் பார்க்காத பிள்ளைகளின் பேரெல்லாம் நம் விரலுக்கு மனப்பாடம். நம்மைத்தான் எல்லாரும் துணிரூம் ஆன்ட்டி என்றார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேர்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று உங்களை மலையாளி என்று அறிமுகம் செய்தார்கள். சேர்வராயன் மலையில் பிறந்து தமிழ் தவிர வேறு தெரியாத எங்கள் சனத்துக்கும் அதே பேர்தான். "நானும் மலையாளிதானுங்க" என்றேன். நீங்கள் படபடவென்று உங்கள் பாஷையில் ஏதோ கேட்க, நான் முழிக்க, அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் நாம் சிநேகிதம் ஆனோம். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். ஆனாலும் சேச்சி என்றுதான் வாயில் வந்தது.

உங்களிடம் நான் முதலில் கற்ற மலையாள வார்த்தை "சாரமில்ல". கற்றேன் என்றுகூடச் சொல்ல முடியாது, காதில் விழுந்துகொண்டே இருந்தது. பொத்தான் உடைந்தால் சாரமில்ல. காய்ந்த துணி மழையில் நனைந்தால் சாரமில்ல. மேட்ரன் வந்து கத்திவிட்டுப் போனால், அவர் முதுகைப் பார்த்து ஒரு சாரமில்ல. முழங்கால் தேய்ந்து அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு, தலையைத் தடவி, "சாரமில்ல மோளே". எங்கள் "பரவாயில்லைங்க"தான் இது என்று ஒரு வாரத்தில் புரிந்துகொண்டேன். அதாவது, புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் பரவாயில்லைங்க எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வாய் அதைச் சொல்லும், மனசு அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளும். என் நாத்தனார் தன் மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது என்னைக் கூப்பிடாமல் விட்டாள். "பரவாயில்லைங்க அண்ணி" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயசு வரப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. பஸ்ஸில் யாராவது கூடையைக் காலில் வைத்துவிட்டால் பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு, இறங்கி ஊடு வந்து சேரும் வரைக்கும் வாய்க்குள் திட்டிக்கொண்டே வருவேன்.

இன்னொரு பரவாயில்லைங்க உண்டு, அதை என் அம்மாவிடமிருந்து வாங்கினேன். அம்மா காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தவள். ஆள் கூப்பிடும்போது, கணக்கெழுதும் ரைட்டர் அவள் பேரை மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவார். ஒரு வாரம் பொன்னி, ஒரு வாரம் பொன்னம்மா, ஒரு வாரம் முன்னாடி நிற்பவளின் பேர். அவள் பேர் இவை எதுவுமே இல்லை. அவர் எப்போதாவது நாக்கைக் கடித்துக்கொண்டால், "பரவாயில்லைங்க சாமி" என்று அம்மாதான் முந்திக்கொள்வாள். அவரைவிட அவளுக்குத்தான் வெட்கம். பெரிய மனிதர் யாராவது நம்மிடம் தடுமாறினால் உடனே கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்பது எங்களுக்குப் பாலோடு வந்த பழக்கம்.

உங்கள் ஈஸ்டர் சேலை ஞாபகம் இருக்கிறதா? இருக்காது, தெரியும். வெள்ளையில் தங்கக் கரை வைத்தது. வருடத்துக்கு ஒரு முறைதான் பெட்டியிலிருந்து வெளியே வரும். நான்தான் இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று வாங்கினேன். பக்கத்து அறையில் யாரோ கூப்பிட, இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அதன் அச்சு அப்படியே மஞ்சளாக விழுந்து கிடந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் வந்து பார்த்தீர்கள். சேலையைத் தூக்கி, இப்படியும் அப்படியும் மடித்துப் பார்த்து, கருகினது உள்ளே போகிற மாதிரி கொசுவம் எடுத்து, "சாரமில்லடீ" என்றீர்கள். மறுநாள் அதைத்தான் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனீர்கள்.

நான் காத்திருந்தேன். என்றாவது ஒரு நாள் கோபத்தில் அந்தச் சேலை வெளியே வரும் என்று. என் உறவில் அப்படித்தான் நடக்கும். வருடம் ஒன்று ஓடிவிட்டது. தாங்க முடியாமல் நானே கேட்டேன், "சேச்சி, அந்தச் சேலைக்காக என்மேல கோவமே இல்லீங்களா?" நீங்கள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ஏது சேலை?" என்றீர்கள். பாசாங்கு இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தீர்கள். மூன்றாவது முறை அடையாளம் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

"உங்க ஊர்க்காரங்க நொம்ப நல்லவங்களாட்ட இருக்குது" என்று கிண்டலாகத்தான் சொன்னேன். நீங்கள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள். "எங்க நாட்டில வழக்குக்கும் கேசுக்கும் ஒரு குறவும் இல்ல. என்றெ அண்ணன்மார் ரெண்டு பேரும் ஒரு வேலிக்காகப் பேசறதே இல்ல."

"அப்புறம் எதுக்குங்க அந்த வார்த்தை?"

"ஒரு நாளில எத்தனை பேரை முட்டி நடக்கணும்! எல்லாத்தையும் தலையில வெச்சா எங்ஙனே ஜீவிக்கும்? சின்னதை அங்கேயே எறக்கி வெக்கணும். பெரிசு வரும்போ அதைப் பிடிக்க கை வேணும்லே?"

பெரியது எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஸ்வெட்டர் விவகாரத்தில்தான் பார்த்தேன். ஒரே அளவுள்ள இரண்டு பிள்ளைகளின் நாடாவை நான் மாற்றித் தைத்துவிட்டேன். மூன்றாம் வகுப்புச் சின்னப் பிள்ளை தன் ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போனாள். பின்கழுத்தில் இன்னொரு பெண்ணின் பேர். பெரிய வகுப்புப் பெண்கள் அதைப் படித்துவிட்டு, எல்லார் முன்னாலும் திருடி என்று சொல்லிவிட்டார்கள். தப்பு நம் அறையில்தான் என்று மேட்ரன் கண்டுபிடித்ததும் நான் ஓடிப்போய் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினேன். "பரவாயில்ல கண்ணு, தெரியாம நடந்துபோச்சு. அழுவாத சாமி."

பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். உங்கள் காது மடல் சிவந்திருந்தது. நான் உங்களை அப்படிப் பார்த்ததே இல்லை. துணி அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள். "நீ எந்தா அந்தக் கொச்சுக்கிட்ட போய் பரவாயில்லன்னு சொல்றது? அது நின்றெ வார்த்தையா? விழுந்த கொச்சுக்கு ஆரு வேணும்னாலும் சாரமில்லன்னு சொல்லலாம். தள்ளி விட்டவர் சொல்லக் கூடாது."

எனக்கு ரோஷம் வந்தது. வேண்டுமென்றா செய்தேன் என்று பதிலுக்குக் கத்தினேன். நீங்கள் கேட்கவே இல்லை. மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்கு வந்தீர்கள். பிள்ளைகள் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "நாடா மாத்தித் தெச்சது நாங்கதான். இவ ஒண்ணும் எடுக்கல" என்று அந்தக் கட்டைக் குரலில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தீர்கள். நானும் சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன். அந்தச் சின்னப் பிள்ளை எழுந்து வந்து, மெதுவாக, "பரவாயில்ல ஆன்ட்டி" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் அது முடிந்தது. எங்கே மானம் போனதோ அங்கேயே வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் படியிறங்கும்போது சொன்னதை அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டேன்.

பிறகு நீங்கள் வேலையை விட்டு ஊருக்குப் போனீர்கள். போன மழைக்காலத்தில் உங்கள் மகள் போன் செய்து, நீங்கள் போய்விட்டதாகச் சொன்னாள். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் நாம் பேசியிருந்தோம். ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லையே சேச்சி என்று நான் அழுதபோது, மூச்சு வாங்க, "சாரமில்லடீ" என்றீர்கள். நான் அதை நம்புகிறேன். உங்கள் சாரமில்லவில் மிச்சம் இருக்காது என்று தெரிந்தவள் நான். ஆனாலும் அழுகை நிற்க நாளாயிற்று.

இப்போது மரத்துக்கு வருகிறேன். பின்பக்கத்துப் பலாமரத்தை வெட்டிவிட்டு சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் வருடா வருடம் கோடாலியைத் தீட்டுவார். "ஏம்புள்ள, இது காய்க்கிற சாதி இல்ல" என்பார். என் கையால் வைத்த மரம். "வெட்டறதுன்னா என்னயக் கேட்டுட்டு வெட்டுங்க" என்று நானும் வருடா வருடம் அடுப்படியிலிருந்து கத்துவேன். இந்த வருடம் காய்த்தது. கிளையில் இல்லை சேச்சி, வேரில். மண்ணை முட்டிக்கொண்டு ஒரே ஒரு காய். குழி பறித்து அதற்கு இடம் கொடுத்து, குரங்குக்குப் பயந்து சாக்கால் மூடி, சுற்றி முள் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டேன். பலாச்சுளைக்கு உயிரை விடுகிற உங்களுக்கு இதில் ஒரு சுளை கொடுக்க முடியவில்லை என்பது மட்டும் எனக்கு வலிக்கிறது.

மே மாதத்தில் ஏற்காட்டில் ஒரு தோட்டக்காரர் சங்கத்தார் பழக் கண்காட்சி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், முதல் பரிசு வாங்கியவரின் பேரையும் ஊரையும் மேடையில் சொல்லிக் கோப்பை கொடுப்பார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கோப்பை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பேரையும் ஊரையும் சொல்வார்கள் என்ற வரியை மூன்று தரம் படித்தேன். வீட்டுக்காரரும் நானும் பழத்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினோம். "இது பழமாங்க, ஆளாங்க?" என்று கேட்டார் கண்டக்டர். ஏற்றுவதற்கு முன் காம்பில் ஈரத்துணி சுற்றினேன். கைப்பழக்கம், அந்தத் துணிக்கு உள்பக்கம் ஒரு நாடா வைத்துச் சிவப்பு நூலில் என் பேரையும் ஊரையும் தைத்திருந்தேன். பேர் இல்லாமல் ஒரு சாமானை வெளியே அனுப்ப நம் கைக்கு வராது அல்லவா.

அங்கே என் பழத்தின் கனத்துக்கு மேசைக்கால் வளைந்துவிட்டது. அதையும் பக்கத்திலிருந்த எஸ்டேட் பழத்தையும் தரையில் இறக்கி வைத்தார்கள். பேர் எழுதிய அட்டைகளை மேசையிலேயே விட்டுவிட்டு, பிறகு யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள், மாற்றி. எனக்குத் தெரியாது. மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தேன். பலாவில் முதல் பரிசு என்று அந்த எஸ்டேட்டின் பேரைச் சொன்னார்கள். மேனேஜர் போய்க் கோப்பையை வாங்கினார். நல்ல பழத்துக்குத்தானே கொடுத்திருப்பார்கள் என்று நானும் கை தட்டினேன். பழத்தைத் திருப்பி எடுக்கப் போனபோதுதான், பரிசு ரிப்பன் என் பழத்தின் மேல் கட்டியிருப்பதைப் பார்த்தேன்.

சங்கத்துச் செயலாளரைக் கூட்டிவந்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் காம்புத் துணியை அவிழ்த்து உள்பக்கத்தைக் காட்டினேன். சின்னப்பொண்ணு, நாகலூர். சிவப்பு நூல். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் சுருங்கிப் போய்விட்டது.

"தப்பு எங்களுதுதானுங்கம்மா. ஆனா விழா முடிஞ்சுபோச்சு பாருங்க. கோப்பைய நாளைக்கே உங்க ஊட்டுக்குக் குடுத்தனுப்பறேன். தெரியாம நடந்துபோச்சு, பரவாயில்லீங்கல்ல?" என்று சொல்லி நின்றார்.

என்னுடைய வார்த்தையை அவரே எடுத்து என் வாயில் வைக்கிறார். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, சேச்சி. வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்தார். அம்மா முந்திக்கொள்வது போல என் உதடு பிரிந்தும்விட்டது. அப்போது உங்கள் சிவந்த காது மடல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"இல்லீங்க" என்றேன்.

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அவர், "என்னங்கம்மா?" என்றார்.

"கோப்பைய ஊட்டுக்கு அனுப்ப வேண்டாங்க. மைக்குல மாத்திச் சொல்லுங்க. எம்பேரும் எங்க ஊர்ப்பேரும்."

"கூட்டம் பாதி கலைஞ்சுபோச்சுங்களே."

"மிச்சப் பாதி கேக்கட்டுங்க. நான் இங்கயே நிக்கறனுங்க."

நின்றேன். கோபத்தில் இல்லை, உரக்கப் பேசக்கூட இல்லை. வீட்டுக்காரர் முதலில் நெளிந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, பழத்தின் அந்தப் பக்கத்தில் வந்து அவரும் நின்றுகொண்டார். செயலாளர் தலையைச் சொறிந்தார். பந்தல்காரர்கள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். கடைசியில் அவர் கையைத் தூக்கி, "மைக்க அவுக்காதீங்கப்பா" என்று கத்தினார்.

அந்த மேனேஜரே ஓடிவந்து கோப்பையை மேடையில் திருப்பி வைத்தார், அதையும் சொல்ல வேண்டும். செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். பலாப்பழப் பரிசில் எங்களால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது, அதற்காக எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவிக்கிறோம், முதல் பரிசு பெற்றவர் நாகலூர் சின்னப்பொண்ணு. வெளியே மக்காச்சோளம் கடித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள், பிறகு நிறையப் பேர். நான் படியேறினேன். இந்த முறை தரையைப் பார்க்கவே இல்லை, சேச்சி! என் அம்மாவின் பேரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. அடுத்த தடவை சொல்லச் சொல்வேன்.

கீழே இறங்கியதும் செயலாளர் பக்கத்தில் வந்தார். "அம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். இப்போது அந்த வார்த்தை என் கையில் இருந்தது. கொடுக்கவும் வைத்துக்கொள்ளவும் எனக்கு மட்டுமே உரிமையான ஒன்று.

"சாரமில்லீங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழக்கம்போல் அந்த மனிதரை வாய்க்குள் திட்டிக்கொண்டு போகலாம் என்று உள்ளே தேடிப் பார்த்தேன். ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நாத்தனாரின் போட்டோவைக்கூட எடுத்துப் பார்த்தேன், அதற்கும் காரம் போய்விட்டிருந்தது. நீங்கள் தினமும் இப்படித்தான் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். பதினேழு வருடம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கண்டக்டர் வந்து, "எங்கீங்க?" என்று கேட்டார். "நாகலூர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாகலூர் சின்னப்பொண்ணு" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.